மூச்சு கேட்கிறது

கடைக்காரர் தைஸ்தோவிடம் இன்று சொல்வதில்லை என்று
ஒவ்வொரு முறையும் முடிவெடுத்துத்தான் படியேறுகிறேன்.
உப்பு, கம்பு ரொட்டி, காப்பித்தூள்.
சில்லறை எண்ணும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது:
"நம்ம யார்க்கோ இப்போ பிரேசிலில்."
தெரியும் என்கிறார். செவ்வாய்க்கிழமையும் சொன்னேனாம்.

யார்க்கோ டிரம்ஸ் வாசிக்கிறான்.
முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு,
கழுத்தில் ஆணி பதித்த பட்டை.
போன கோடையில் குவோப்பியோ மைதானத்துக்கு
வந்தே தீரவேண்டும் என்றான்.
எழுபத்துமூன்று வயதில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
பச்சை குத்திய பையன் ஒருவன்
மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தான்.
இன்னொருவன், வழி தவறி வந்தீர்களா என்றான்.
இடி இடித்த மாதிரி இருந்தது.
ஆனால் இடி தாளம் தப்பும்.
இவன் தப்பவில்லை.
நாற்பது நிமிடம் என் முழங்கால்
எண்ணிக்கொண்டே இருந்தது.

தார்மோ, ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில்
இரவுதோறும் அக்கார்டியன்.
அதே பதினாறு பாட்டு, அதே சிவப்புக் கம்பளம்,
குடித்துவிட்டுச் சுழலும் வேறு வேறு ஜோடிகள்.
"இதைப் போய் யாரிடமும் சொல்லாதீர்கள், டீச்சர்"
என்று எழுதியிருந்தான்.
தைஸ்தோவிடம் அன்றைக்கே சொன்னேன்.
அலை புரட்டும்போது கால் ஊன்றி வாசிப்பது
ஓப்பராக்காரர்களுக்கு வருமா?

எல்லாரிலும் கை நன்றாக இருந்தவள் மெர்வி.
இந்த ஊரிலேயே டயர் கடை வைத்திருக்கிறாள்.
குளிர்கால டயரை மாட்டும்போது விசிலடிப்பாள்.
ஒரு சுரம்கூட இறங்காது.
நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்,
நான்கு சக்கரமும் முடியும்வரை.

ஓவ்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எட்டாம் வகுப்பு, இரண்டாவது வரிசை.
பிரெஞ்சு ஹார்ன் அவள் கேட்டதல்ல,
அலமாரியில் மிச்சமிருந்தது அதுதான்.
ஊதுமுன் அவள் இழுக்கும் மூச்சு
கடைசி பெஞ்சு வரை கேட்கும்,
கதவிடுக்கில் பனிக்காற்று நுழைவதுபோல.
"மூச்சு கேட்கிறது, ஓவ்தி."
மூன்று வருடம் சொன்னேன்.
அவள் தாளில் பென்சிலால் எழுதினேன்.
அம்மாவை வரவழைத்துச் சொன்னேன்.
பள்ளி முடித்த சான்றிதழிலும் ஒரு வரி எழுதிவிட்டேன்.
அது கொஞ்சம் அதிகம்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை. வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஏரி உறைந்து விரிசல்விடும் ஓசை வீடுவரை வந்தது.
வானொலியில் ஓஸ்லோவிலிருந்து நேரடி ஒலிபரப்பு.
நடத்துநர் பெயரைச் சொன்னார்கள்,
பியானோக்காரர் பெயரைச் சொன்னார்கள்,
அவர் அணிந்திருந்த காலணி பற்றியும் இரண்டு வார்த்தை.
ஹார்ன் வாசிப்பவள் பெயரை யார் சொல்வார்கள்?
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
வயலின்கள் ஒவ்வொன்றாய் அடங்கின.
அப்போது
கதவிடுக்கில் பனிக்காற்று.

சுரம் பிறக்குமுன்பே எழுந்து நின்றுவிட்டேன்,
கையில் கத்தி, தரையில் தோல்.

பிறகு வந்த சுரம் நன்றாகவே இருந்தது.
பழுத்த பழம்போல, கனமாக.
அதை ஹாம்பர்க்கிலோ வேறெங்கோ
யாரோ கொடுத்திருக்கிறார்கள்.
நேர்மையாகச் சொன்னால் அதில் எனக்குப் பங்கில்லை.
எனக்கு அடையாளம் தெரிந்தது மூச்சு மட்டும்தான்.
நான் மூன்று வருடம் மல்லுக்கட்டித் தோற்ற மூச்சு.
எத்தனை ஆசிரியர், எத்தனை தேர்வு,
திரைக்குப் பின்னால் நின்று ஊதிக்காட்டிய எத்தனை மேடை!
அத்தனை பேரும் தோற்றிருக்கிறார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அந்தச் சான்றிதழை நினைத்ததும் சிரிப்பு நின்றது.
கைதட்டல் முடிந்து செய்தி வாசிக்கத் தொடங்கியபின்னும்
நின்றுகொண்டே இருந்தேன்.

இன்று காலை கடையில் நான் வாய் திறக்கவில்லை.
தைஸ்தோ சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"பிரேசிலில் எப்படி?"
"தபால்தலை ஒன்று" என்றேன், "நார்வேக்கு."
அட்டையில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன்:
மூச்சு கேட்டது, ஓவ்தி.
அதற்குமேல் எழுத இடமிருந்தது.

வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது,
காப்பித்தூள் வாங்கவில்லை.