வெறுங்கை

பாந்த்ரா குர்லாவில்
கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரே என் கடை.
கடை என்றால் ஒரு நீலத் தார்ப்பாய், இரண்டு தகர அலமாரி.
மாநகராட்சி லாரி தெருமுனையில் தெரிந்தால்
நாலு நிமிடத்தில் கடை இருக்காது.

தூதரகத்துக்குள் பை கூடாது, போன் கூடாது,
சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவ் கூடாது.
கூடாததெல்லாம் என்னிடம் வரும்.
பைக்கு நூறு, போனுக்கு ஐம்பது.
பழைய சீட்டுக்கட்டில் ஒன்றை உருவிக் கிழித்து
பாதி அவர்கள் கையில்
பாதி பையின் காதில்.

பத்து மணிக்குமேல் அலமாரி பேசத் தொடங்கும்.
ஒரு போனில் கந்த சஷ்டி
ஒன்றில் ஏதோ மராத்திக் குத்துப்பாட்டு
ஒன்று தகரத்தில் தவளைபோல் நகர்ந்து நகர்ந்து துடிக்கும்.
எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்.
நான் எடுப்பதில்லை.
பதில் மட்டும் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

வெறுங்கையோடு வந்தால் கிடைத்துவிட்டது,
பாஸ்போர்ட்டை உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
புத்தகத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வந்தால்
இல்லை.
பறிகொடுத்தவன் சிரிக்கிறதும்
திரும்பக் கிடைத்தவன் தண்ணீர் கேட்கிறதும்
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் பழகவில்லை.

போன வியாழக்கிழமை
முலுண்டிலிருந்து ஒரு தம்பதி.
அவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.
கோப்பின்மேல் அந்தம்மா பெயர் தமிழில் இருந்தது:
பூங்கோதை வைரவநாதன்.
"தமிழா? எந்தப் பக்கம்?"
தாராவி என்றேன்.
"அதுக்கு முந்தி?"
அதுக்கு முந்தியும் தாராவிதான் என்றேன்.
சிரித்தார். கோப்பை ஒருதரம் சரிபார்த்தார்:
வங்கிக் கணக்கு ஆறு மாதத்துக்கு,
வீட்டுப் பத்திரம், பென்ஷன் தாள்,
மகளின் அழைப்புக் கடிதம்,
அதற்குப் பின்னால் ஒரு ஸ்கேன் படத்தின் நகல்,
புகைமூட்டத்துக்குள் ஒரு மூக்கு.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை, ஒரே போன்.
கிளாவர் எட்டைக் கிழித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள்.
அவர் கைகள் வெறுமையாக இருந்தன,
எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.
அந்தம்மா கையில் நீலப் புத்தகம்,
அதற்குள் நாலாக மடித்த ஒரு தாள்.
எனக்குக் கணக்குப் புரியவில்லை.
இப்படி ஜோடியைப் பிரித்து அனுப்பி
நான் பார்த்ததில்லை.

"திரும்பி வருவியான்னு கேட்டான்," என்றார்,
என்னிடமா அவரிடமா தெரியாது.
"குழந்தைக்குத் தலை நிக்கட்டும், வந்துடறேன்னேன்.
அதைத்தானே சொல்ல முடியும்."
அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார்.
"பையைக் கொடுங்க தம்பி," என்றார் அந்தம்மா.

வாங்கிக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
இரண்டு காலையும் நீட்டினார்.
டிபன் பையைக் காலிடுக்கில் மல்லாக்கப் படுக்கவைத்தார்.
"இங்க பாருங்க. தலை பாதத்துப் பக்கம்.
தண்ணிய முதல்ல உங்க முழங்கையில விட்டுப் பாக்கணும்.
காதை இந்த ரெண்டு விரலால இப்படி.
கழுத்து மடிப்புல பால் தங்கும், மறக்கக் கூடாது.
அவ அழுவா, அவளையும் அதட்டக் கூடாது.
ம், உக்காருங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.
கறுப்பு ஷூவைக் கழற்றினார்.
மடிப்புக் கலைய உட்கார்ந்து காலை நீட்டினார்.
பை உருண்டு சாக்கடை ஓரம் விழுந்தது,
உள்ளே எவர்சில்வர் மூடி கழன்ற சத்தம்.
"விழுந்துருச்சு," என்றார் அந்தம்மா,
குரல் ஏறவில்லை.
"மறுபடியும்."

மதிய வரிசைக்கு வந்தவர்கள்
கோப்புகளை மார்போடு அணைத்தபடி
நாலு கால்களையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அலமாரியில் அவர்கள் போன் அடித்தது.
திரையில் ஒரு பெண், வெளியே பனி.
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
சீட்டின் மறுபாதியைக் கேட்காமல்
எடுத்து நீட்டினேன்.

நிமிரவில்லை அந்தம்மா.
"இருக்கட்டும் தம்பி.
இன்னும் முதுகு தேய்க்கலை."