ஈடு

பாஸ்போர்ட் வாங்குவதில்லை. தொலைந்தால் வம்பு.
வேறு ஏதாவது ஈடாக வைத்துவிட்டுப் போங்கள் என்பேன்.
மணிக்கு எண்பது ரேண்ட், கூடை வைத்த வண்டிக்குப் பத்து கூட.
இதுவரை வந்தவை:
ஒற்றைக் காது வளையம்,
கடையைவிட நீளமான ஓர் அலைச்சறுக்குப் பலகை,
பிரிட்டோரியாக்காரர் ஒருவரின் கட்டுப்பல், கைக்குட்டையில் சுற்றி.
மாட்டிக்கொண்ட பிறகுதான் நன்றி சொன்னார்.

டர்பன் கடற்கரையில் என் சொத்து
பாதிக் கண்டெய்னர், பதினாறு சைக்கிள்,
அவற்றை ராத்திரி பகலாகத் தின்னும் உப்பு,
உப்போடு மல்லுக்கட்ட எண்ணெய்க் குப்பியும் லிண்டானியும்.
காற்று மட்டும் இலவசம், டயருக்கும் சரி, முதுகுக்கும் சரி.
வடகிழக்கிலிருந்து அடித்தால்
தெற்கே போகிறவர்கள் மிதிக்கவே வேண்டாம்.
திரும்பும்போது தெரியும்
கடன் என்றால் என்னவென்று.

அந்த அம்மாளுக்கு அறுபதைத் தொட்டிருக்கும்.
பீனிக்ஸிலிருந்து இரண்டு மினிபஸ் மாறி வந்தாளாம்.
பெயர் எழுதச் சொன்னேன்: தாயநாயகி கிஸ்டன்.
ஈடு, வீட்டுச் சாவிக்கொத்து.
வண்டியை வாங்கினாள். ஏறவில்லை.
காய்ச்சல்காரரைக் கைத்தாங்கலாய்க் கூட்டிப் போவதுபோல்
ஒரு மணிநேரம் தள்ளிக்கொண்டே நடந்தாள்.
எண்பது தந்தாள், போனாள்.
அடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்கடுத்த செவ்வாயும்.
"தள்ளுவதற்குப் பாதி போதுமே" என்றான் லிண்டானி.
"ஏன், சக்கரம் சுற்றவில்லையா?"

ஒருநாள் மிளகாய் தூவிய அன்னாசியைக் கடித்தபடி
சொன்னாள்: அதோ ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறதே,
அங்கே ஒரு பலகை இருந்தது.
என்ன பலகை என்று நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் அந்த வயதுக்காரர்களிடம்
யாரும் அதைக் கேட்பதில்லை.

ஐந்தாம் செவ்வாய்.
பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தவன்
நிமிர்ந்தபோது அவளைக் காணோம்.
யாரோ கொட்டிய தண்ணீரில் தொடங்கிப்
பாதையில் ஓர் ஈரக்கோடு,
முதலில் நெளிநெளியாய்,
போகப்போக நேராய்,
ஐஸ்கிரீம் வண்டியைத் தாண்டியும்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு. மூன்று.
சாவிக்கொத்து ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.
"வீடே இங்கே தொங்குகிறது, எங்கே போய்விடுவாள்" என்றேன்.
லிண்டானி கடலைப் பார்த்தான், பிறகு என்னை.
பதினைந்து வண்டிகளைச் சங்கிலியில் கோத்துப் பூட்டினோம்.

விளக்கெரிந்த பிறகு வந்தாள், தள்ளிக்கொண்டு.
பின்சக்கரம் தரையோடு தரையாய்.
விரலெல்லாம் கிரீஸ், முழங்காலில் சிராய்ப்பு,
மூச்சு இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.
"எவ்வளவு ஆச்சு?"
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பர்ஸைத் திறந்து அவள் நின்ற நிற்பைப் பார்த்ததும்
வாடகை இருநூற்று நாற்பது, பஞ்சர் நாற்பது என்றேன்.
சில்லறைவரை எண்ணி வைத்தாள்.
சாவியை எடுத்துக்கொண்டாள்.
பேரம் பேசவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

டயரைத் தடவிக்கொண்டே வந்த லிண்டானி
"ஸ்ஸ்" என்று விரலை உதறினான்.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
நெருஞ்சி.

எங்கள் கடற்கரைப் பாதை முழுக்கச் சிமெண்டும் செங்கல்லும்.
முள் முளைக்க ஒரு விரற்கடை மண் கிடையாது.
உம்கேனி ஆறு கடலில் விழும் இடத்தில் பாதை முடிகிறது.
பாலம் தாண்டினால்தான் நெருஞ்சி.
பாலம் தாண்டக் கூடாது என்று
சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், மூன்று மொழியில்.

"அபராதம் போடவில்லையா?" என்றான்.
அவள் பெயருக்கு நேரே
பாக்கி இல்லை என்று எழுதினேன்.
சாவி தொங்கிய ஆணிக்குக் கீழே, மரச்சட்டத்தில்,
முள்ளைக் குத்தி வைத்தேன்.
அடுத்த செவ்வாய் வந்து கேட்டால்
திருப்பித் தர வேண்டுமே.