பதினான்காம் மாடிக்கு

லோயாட்டில் இது நான்காவது கடை.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
லாவ் கேட்கிறார்:
என்ன விளையாடுவாய், எந்தத் திரையில்,
கையில் எவ்வளவு வெள்ளி?

நாலாயிரத்து இருநூறு.
ஓவர்டைம் பாதி, கூட்டு எடுத்தது மீதி.

செயலியில் குறைத்துக்கொள்,
கிராபிக்ஸ் கார்டில் கஞ்சத்தனம் கூடாது என்கிறார்.
ஊதாவும் பச்சையுமாய் ஒளிரும் விசிறிகளைத்
தொட்டுப் பார்க்கிறேன்.
அந்த வண்ணத்துக்கு மட்டும் இருநூற்றைம்பது.
ஒரு ஃபிரேமைக்கூட அது கூட்டாதாம்.
சரி, வேண்டாம்.
ராம் பதினாறு போதுமா?
முப்பத்திரண்டு போடு, பிறகு வந்து அழாதே.

எல்லாம் கேட்டவர்
லிப்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

செந்தூலில், எங்கள் புளோக்கில்,
செவ்வாய்க்கிழமையே அது நின்றுவிட்டது.

பதினேழு கிலோ. முன்னால் நான்,
பின்னால் மதியரசன்.
"யார் வீட்டுப் பிணம்?" என்று
ஐந்தாம் மாடியில் யாரோ சிரித்தார்கள்.
ஏழில் படியை அடைத்துக்கொண்டு ஒரு பையன்.
"எந்தக் கார்டுண்ணே?"
சொன்னேன்.
எழுந்து வந்து ஒரு மூலையைப் பிடித்தான்.
ஒன்பதில் ஹாஃபிஸ்.
பதினொன்றில் பெயர் தெரியாத இருவர்;
அவர்கள் தூக்கவில்லை,
கூடவே ஏறினார்கள்.

பொத்தானை அழுத்தும்போது
என் அறையில் ஆறு பேரின் வியர்வை.
விசிறி முனகியது.
திரை வெளுத்து, ஒரு கோட்டை வாசல்
மெல்லத் திறக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து
அக்கா ரைஸ் குக்கரைத் தட்டிவிட்டாள்.

வீடே இருண்டது.

யாரும் நகரவில்லை.
இருட்டுக்குள் ஏழாம் மாடிக் குரல்:
"பவர் சப்ளை எத்தனை வாட்டுண்ணே?"