எண்கோடு

படிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது:
பயன்படுத்திய கற்பித்தல் சாதனங்கள்.
இரண்டு விரல் அகலம்.
அதற்குள்தான் ஒலுமடுவின் நான்காம் தரத்தை,
பத்தொன்பது பேரையும்,
மடித்து வைக்க வேண்டும்.

வேணுயனுக்குக் கண்ணின் ஓரம்தான் வேலை செய்யும்.
பழைய சைக்கிள் ரியூபில் இலக்கங்கள் வெட்டிக் கொடுத்தேன்.
ஒன்பதைத் தடவிப் பார்த்து
"ரீச்சர், இதைக் கவிட்டால் ஆறு,
இன்னொண்டு வெட்டாதேங்கோ" என்றான்.
ரியூப் மிச்சம்.

டிலக்சனின் காதுக்கருவிக்கு
பற்றரி வராத கிழமைகளில்
மேசையில் கன்னத்தை வைத்துப் படுப்பான்.
நான் மறுமுனையில் தட்டுவேன்.
மூன்று. பிறகு இரண்டு.
பலகை அவனுக்கு ஐந்து என்று சொல்லும்.

மிதுஷாவுக்கு ஒரு சாதனமும் வேண்டாம்.
காய்ச்சல்காரத் தம்பியை இரவெல்லாம்
தோளில் போட்டு நடந்தவளுக்கு
அரை மணி நித்திரை வேண்டும்.
அதை எந்தப் பெட்டியில் எழுதுவது?

பாலைப்பழத்தில் கழித்தல் படிப்பித்தேன் ஒருநாள்.
பதினைந்தில் ஆறு போனால்?
கேள்வி முடியமுதல் பதினைந்தும் போய்விட்டது.
சொண்டெல்லாம் பால் ஒட்ட ஒட்டச் சொன்னார்கள்:
பூச்சியம்.
பிழை போட மனம் வரவில்லை.

அதனால்தான் தடிக்கு மாறினேன்.
சீமைக்கிளுவைத் தடி இருபத்தொன்று,
மைதானத்தில் வரிசையாய்,
பூச்சியத்திலிருந்து இருபது வரை.
வேணுயனின் கண்ணுக்கும் எட்டட்டும் என்று
தலைகளுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்தேன்.
முன்னுக்குப் பாய்ந்தால் கூட்டல்,
பின்னுக்குப் பாய்ந்தால் கழித்தல்.
வேணுயன் சிவப்பைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தான்.
டிலக்சன் என் விரலைப் பார்த்துப் பாய்ந்தான்.
மிதுஷாகூட முழித்துக்கொண்டாள்.

கோபிசா பூச்சியத்தில் நின்றாள்.
கொப்பியில் கேட்டால்
கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்லுகிற பிள்ளை.
"எட்டுக்குப் போ, பிறகு மூன்று பின்னுக்கு வா."
நின்றாள்.
"பாய் பிள்ளை!"
சத்தம் போட்டேன். எனக்கே கேட்டது.

"ரீச்சர்,
அங்கால இன்னும் துப்பரவாக்கேல்ல."

அவளின் அம்மா
விடிய நாலரைக்கு லொறி ஏறுகிறவள்.
அம்பகாமக் காட்டில் முழங்காலில் இருந்து
ஒரு நாளைக்கு
ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தை மீட்கிறவள்.
சிவப்புத் தடிக்கு அங்கால மிதிவெடி.
வெள்ளைத் தடிக்குள்ளே நடக்கலாம்.
பள்ளிக்கூடம் வரமுதலே
பிள்ளை படித்து முடித்த பாடம் அது.
என்னுடையதைவிடச் சரியான பாடம்.

ஒருவனுக்காகப் பூசிய நிறம்
ஒருத்தியின் காலைக் கட்டும் என்று
எந்தப் பயிற்சிப் பட்டறையிலும்
எனக்குச் சொல்லித் தரவில்லை.

சுவருக்குப் பூசிய சுண்ணாம்பில் கொஞ்சம் இருந்தது.
வாளியை அவளிடமே கொடுத்தேன்.
அவள் உடனே பூசவில்லை.
குந்தியிருந்து,
முதல் இடைவெளியை உள்ளங்கையால் தடவி,
ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, வைத்து,
பிறகுதான் ஒன்றாம் தடிக்கு வெள்ளை.
ஒருவரும் சிரிக்கவில்லை.
டிலக்சன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

பத்து மணி வெயிலில்
வேணுயனுக்கு வெள்ளை தெரியவில்லை.
மிச்ச ரியூபை வளையமாய் வெட்டி
தடிகளில் மாட்டினோம்.
பதினொன்றோடு ரியூப் முடிந்தது.

மணி அடித்தபோது
கோபிசா நாலாம் தடியில் நின்றாள்,
நிமிர்ந்து, இரண்டு காலும் ஊன்றி.
எட்டுக்கு இன்னும் நாலு கிடக்கிறது.

பெட்டியில் "தடி" என்று எழுதினேன்.
அடுத்த பெட்டி, பாட இலக்கு அடையப்பட்டதா?
அதை நாளைக்கு நிரப்பலாம்,
இரவு மாடு வந்து
தடிகளைத் தள்ளாமல் விட்டால்.