ஒரு பணிஸ் குறைகிறது

என்னைப் பொருளாளராகத் தெரிந்தபோது
எதிர்த்து நிற்க ஒருவரும் இருக்கவில்லை.
நூற்றித் தொண்ணூறு பேர் படிக்கிற கல்லூரி எங்களது,
சுன்னாகம் சந்தையின் முதுகோடு ஒட்டியது.
கணக்கியல் வகுப்புக்குள் வெங்காய மணம் வரும்.
லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தத்தில்
விரிவுரையாளர் பாதி வசனத்தில் நிற்பார்.
அந்தப் பாதியைத்தான்
சோதனையில் கேட்பார்கள்.

இரத்ததான முகாமுக்கு மண்டபம் இல்லை.
நூலகத்தைக் காலி செய்தோம்.
தலைவர் கஜீபன் அலுமாரியை இழுக்க
அகராதி ஒன்று அவன் பெருவிரலில் விழுந்தது.
அன்றைய முதல் இரத்தம்
அதுதான்.

எட்டரைக்கு ஆஸ்பத்திரி வான் வந்தது.
தாதி ஒருவர்
நான் ஒட்டி வைத்த அறிவித்தலுக்குக் கீழே
("பணிஸும் மைலோவும் இரத்தம் கொடுத்தவர்களுக்கு மட்டும்")
சின்னப் போத்தல் ஒன்றை வைத்தார்.
மயில்துத்தக் கரைசல்.
அப்படியொரு நீலத்தை எங்கள் நூலகம்
அதற்கு முன் கண்டதில்லை.

பிறிசில்லா வரிசையில் ஏழாவது.
நாவாந்துறையிலிருந்து சைக்கிளில் வருகிறவள்,
எதிர்க்காற்று அடித்தால் முதல் பாடம் இல்லை.
தராசில் ஏறினாள்.
ஐம்பது. மட்டுமட்டாக ஐம்பது.

எனக்குத் தெரியும்.
காலையில் சைக்கிள் சங்கிலியையும் பூட்டையும் கழற்றி
உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்து
சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டதைக்
கண்டேன்.
சொல்லவில்லை.
நான் பொருளாளர், காசு மட்டும்தான் என் பொறுப்பு.

விரலில் குத்தினார்கள்.
துளி நீலத்துக்குள் விழுந்தது.
நேரே அடிக்குப் போக வேண்டும்.
போகவில்லை.
நடுவழியில் நின்று
எதையோ மறந்துவிட்டு வந்தது போல்
திரும்பி மேலே ஏறி
மிதந்தது.

"இரும்பு காணாது பிள்ளை."

பொக்கற்றுக்குள் சங்கிலி கிலுங்கியது.
தாதி நிமிர்ந்து பார்த்தார்.
நான் பணிஸ் எண்ணத் தொடங்கினேன்.

"ரெண்டு பைந்து கடன் இருக்கு மிஸ்.
போன வருசம் தம்பிக்கு ஏத்தினவை.
ஆற்றை ரத்தமெண்டே தெரியாது."

"முருங்கையிலை சாப்பிட்டு
மூண்டு மாசத்தால வாங்கோ."

அவள் வீட்டுக்குப் போகவில்லை.
கோப்பை கழுவினாள்,
படிவங்களில் பெயர் நிரப்பினாள்.
ஊசியைக் கண்டு கஜீபன் சரிந்தபோது
அவன் கால்களைத் தூக்கிப் பிடித்தவளும் அவள்தான்.
பெருவிரல் பிளாஸ்ரரோடு
தலைவர் கூரையைப் பார்த்துக் கிடந்தார்.
பூட்டாத சைக்கிள்
பின்னேரம் மட்டும் மதிலோடு நின்றது.
ஒருவரும் தொடவில்லை.
பிறேக் இல்லாத சைக்கிளை யார் தொடுவான்?

இரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
வாங்கிய பணிஸ் எழுபது.
கொடுத்தவர் அறுபத்துமூன்று,
வானில் வந்தவர்கள் ஆறு பேர்.
ஒன்று குறைகிறது.

எங்கே போனதென்று எனக்குத் தெரியாதா?
கடதாசியில் சுற்றி
அவளுடைய சைக்கிள் கூடைக்குள் வைத்தவன் நானே.
அறிவித்தல் எழுதியவனும் நானே.

இரட்டைப் பதிவு படிக்கிறோம்.
வரவென்றால் எங்கேயாவது ஒரு செலவு.
இரண்டு பைந்தை எந்தப் பக்கம் எழுதுவது?
கடன்பட்டவள் இருக்கிறாள்,
கடன்கொடுத்தவரின் பெயர் இல்லை.
ஐயுறு கடனா? அறவிட முடியாததா?
பாடப்புத்தகத்தில் தேடினேன்.
தேய்மானம் வரை போய்
நித்திரையாகிவிட்டேன்.

மாதாந்தக் கூட்டத்தில்
செயலாளர் மயூரதி எழும்பிக் கேட்டாள்:
"ஒரு பணிஸ் எங்கை?"
எல்லாரும் இருந்தார்கள்.
பிறிசில்லா கடைசி வாங்கில்
சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.
முருங்கையிலை வறை.
மூன்று கிழமையாக அதே மணம்,
வெங்காயத்தையும் வென்றுவிட்ட மணம்.

"பொருளாளர் தின்றது" என்று எழுதி
எண்பது ரூபா கட்டினேன்.
கூட்டம் சிரித்து ஏற்றுக்கொண்டது.

இப்போது என் பட்டப்பெயர் பணிஸ்.
சைக்கிள் நிறுத்துமிடத்தில்
சங்கிலியைச் சுற்றிப் பூட்டியபடி
அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்:
"டேய் பணிஸ்,
அடுத்த முகாம் எப்ப?"