பதினேழாம் தட்டு

ஹானோவரில் எனக்கு வேலை அழுக்கெடுப்பது.
பிசுபிசுத்துப்போன ஒலிநாடாவை
ஐம்பத்து நாலு பாகைச் சூட்டில்
எட்டு மணி நேரம் வாட்டி, ஆறவிட்டு,
ஒரே ஒரு தடவை ஓட்டுவேன்.
இரண்டாம் ஓட்டத்தை அது தாங்காது.

அப்படித்தான் என் மேசைக்கு வந்தாள்
இர்ம்கார்ட் வெசல்,
நாற்பத்து மூன்று தட்டுகளாக, பியானோவும் தானுமாக.
பதினேழாவது, பின்லாந்தில், டுர்க்கு நகரத்து அரங்கு.
எழுபத்தொன்று பிப்ரவரி.
வெளியே பனி. உள்ளே ஊர்ச் சளி முழுவதும்
டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தது.

மெல்ல நடக்கும் நடுப்பகுதியில்
ஒரு சுரத்தை விட்டு
அடுத்ததைத் தொடாமல் நிற்கிறது அவள் கை.
அளபெடைபோல் நீளும் மௌனம்.
அதில் ஒரு இருமல்.

திரையில் பார்த்தால்
வெள்ளைச் சட்டையில் பேனா கசிந்த மாதிரி.
வளைத்தேன், ஒற்றினேன், எடுத்தேன்.
பக்கத்து மௌனத்தில் கொஞ்சம் கிள்ளி
ஓட்டைக்கு ஒட்டுப் போட்டேன்.
மௌனத்திலும் இழை பார்க்க வேண்டும்;
கண்ட மௌனம் கண்ட இடத்தில் ஒட்டாது.

பெட்டி வெளிவந்தது. கெட்டி அட்டை,
பழைய உறைகளின் குட்டிப் பிரதிகள்,
பூதக்கண்ணாடி கேட்கும் முதுகெழுத்து.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம்.
என்ஸியோ ராய்த்தலா, துறைமுகக் கணக்கர், ஓய்வு.

"அந்தக் கச்சேரி என்னிடம் ஆறு உருவில் இருக்கிறது அம்மா.
முதல் இசைத்தட்டு மூலை நசுங்கியது.
டச்சுக்காரர்களின் மலிவுப் பதிப்பில்
சீட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள்.
எண்பத்தாறின் குறுந்தட்டில் பியானோ தகரம்.
இடுப்பில் காகிதப் பட்டை கட்டிய ஜப்பான் பதிப்புக்காக
என் சைக்கிளை விற்றேன், நல்ல சைக்கிள்.
பிறகு ஒரு பத்துத் தட்டுப் பெட்டி, அதைப் பற்றிப் பேச்சில்லை.
இப்போது உங்களுடையது.
இடது கை முதன்முறையாகத் தெளிவாகக் கேட்கிறது. நன்றி.
ஆனால் மூன்றாம் தடம், நாலு நிமிடம் பதினொரு நொடி:
அங்கே நான் இல்லை."

பத்தொன்பது வயதாம். கடைசிக்கு முந்தைய வரிசை.
கைக்குட்டையை வாயில் திணித்தும் அடங்கவில்லையாம்.
வெசல் தலை நிமிர்ந்து இருட்டைப் பார்த்தாளாம்.
ஒவ்வொரு மறுபதிப்பையும் வாங்கியது
அந்த வெட்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தானாம்.
"அது எந்தப் பதிப்பில் வெட்கமாக இல்லாமல் போனது
என்பதை மட்டும் குறித்துவைக்கவில்லை."

இத்தனை பாடபேதங்களை வரிசைவைத்த மனிதர்.
இடைச்செருகல் என்று நான் வெட்டியது
அவருக்கு மூலபாடம்.

எடுத்ததை எறியும் வழக்கம் எனக்கில்லை.
ஒரு கோப்பில் கிடக்கும், புடைத்த முறத்தடியில் உமிபோல.
அன்றிரவு திறந்தேன்.
பியானோ இல்லாத பதினோரு நிமிடம்:
நாற்காலி முனகல், நிகழ்ச்சித்தாள் சரசரப்பு,
சுடுநீர்க் குழாயின் விக்கல்,
வெசல் மூச்சுக்குள் எதையோ முணுமுணுப்பது,
அவருடைய இருமல்.

இரண்டு நொடி தள்ளி
இன்னொன்று.
சின்னது. சளியே இல்லாதது.
தனியாக மாட்டிக்கொண்டவனுக்குத்
துணைக்கு இருமியது மாதிரி.
அடுத்த சுரத்தின் அடியில்
ஐம்பது வருடம் ஒளிந்திருக்கிறது.
எடுத்தவள் நான்தான், எடுத்த ஞாபகம் இல்லை.

ஒன்றும் எழுதாமல்
அந்தப் பதினோரு நிமிடத்தையும் ஒரு தட்டில் ஏற்றி
டுர்க்குவுக்கு அனுப்பினேன்.

பதில் அஞ்சலட்டையில் வந்தது.

"கேட்டேன்.
என் பக்கத்து நாற்காலி காலி என்றே
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அது இருக்கட்டும்,
இந்தத் தட்டுக்குப் பதிவெண் என்ன?
உறையிலும் இல்லை, விளிம்பிலும் இல்லை.
எண் இல்லாமல் இதை நான்
எங்கே அடுக்க?"