திங்கட்கிழமையிலிருந்து வண்டி உன்னிடம்

சாவி ஃப்ரிட்ஜ் மேல், பச்சை டப்பாவில்.
இரண்டாவது சாவி பாலாற்று மணலில் எங்கோ இருக்கிறது.
அந்தக் கதை வேண்டாம்.

பரிமளா,
வண்டி பார்க்க அசிங்கமாய்த்தான் இருக்கும்.
டேங்கில் பாயும் சிறுத்தை
முன்பு வைத்திருந்தவன் ஒட்டியது.
அவன் பிடுங்கி எறிந்த சாரி கார்டுக்கு பதில்
காயலான் கடையில் ஒன்று தேடி
எழுபது ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன்.
அவன் மாட்டியிருந்த, தெருவையே எழுப்பும் சைலன்சரை
அதே கடையில் எடைக்குப் போட்டேன்.
துப்பட்டாவுக்கும் தூங்குகிறவர்களுக்கும்
அது போதும்.

மற்றதெல்லாம் மறந்தாலும்
செயினை மறக்காதே.
கீழ்ப்பக்கம் விரலால் தூக்கினால்
கட்டைவிரல் அகலம் ஆடணும், அவ்வளவுதான்.
எண்ணெய் சாயங்காலம் விடு, சூடு ஆறுவதற்குள்.
எஞ்சினில் வடித்த கறுப்பு ஆயிலைத் தடவ வருவார்கள்,
விடாதே. அது எண்ணெய் இல்லை,
கரைத்த மண்.

பின்சக்கரக் காற்று இருபத்தெட்டு.
பங்க் பையன் கை முப்பத்தைந்துக்குப் போகும்,
பழக்கதோஷம்.
பக்கத்தில் நின்று முள்ளைப் பார்.
சக்கரம் கல்லாயிருந்தால் பெட்டி குதிக்கும்,
பெட்டி குதித்தால் ரத்தம் உடையும்.
தெளிந்து நிற்கவேண்டிய நீர்
ரோஸ் கலரில் நிற்கும்.
சுகிர்தா மேடம் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கி,
"மறுபடி எடுக்கச் சொல்லுங்க" என்பார்.
மறுபடி என்றால்
குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒருத்தி
அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து
மறுபடி கையை நீட்டணும்.

அதனால்தான் கேரியருக்கு அடியில்
கிழிந்த மெத்தையின் ஸ்பாஞ்ச்,
நான்கு மூலையிலும் சைக்கிள் ட்யூப்.
வெல்டர் சிரித்தார்.
சிரிக்கட்டும்.

கையுறை பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.
ஜெர்மனிக்குப் போகவேண்டியது,
இடது கட்டைவிரலில் தையல் கோணியதால்
பேரணாம்பட்டைத் தாண்டவில்லை.
நூற்றைம்பது ரூபாய்.
முதல் இரண்டு நாள் கடிக்கும்.
நனைந்தால் நிழலில் காயவை,
வெயிலில் போட்டால் அப்பளம்.

உப்புத்தோல் லாரிக்குப் பின்னால் போகாதே.
சொட்டுகிற தண்ணீர் வைசரில் காய்ந்து
வெள்ளையாய்ப் படியும்.
துடைத்தால் கீறும்.
ஈரத்துணியைப் போர்த்திவிட்டு
ஒரு டீ குடித்துவிட்டு வா, தானாய் விடும்.

கே.வி.குப்பம் தாண்டினால்
இரண்டு மணி வெயிலில் தார் குழைகிறது.
ஹெல்மெட்டுக்குள் மண்டை வேகும்.
வேகட்டும், கழற்றாதே.
உள்ளே பருத்தித் துண்டு கட்டு,
தினமும் துவை.

போன வியாழக்கிழமை
நாற்பத்தோரு குழாய்.
ஒன்றின் மேல் என் கையெழுத்தில்
என் பெயர், என் வயது, முப்பத்து நான்கு.
லத்தேரி வேகத்தடை வந்தது.
முள்ளைப் பார்த்தேன், பதினைந்து.
முந்தின நாளும் பதினைந்துதான்,
அதற்கு முந்தின நாளும்.
எனக்கென்று குறைக்க
வேகம் எதுவும் மிச்சமில்லை.
என்னவோ,
அது கொஞ்சம் நிம்மதியாய் இருந்தது.

ஹாரன் அடிக்காது.
வலப்பக்கம் ஒரு தட்டு தட்டினால் அடிக்கும்.
காட்பாடி மேம்பாலத்தில் பஸ்ஸோடு போட்டி போடாதே,
ஐஸ் அதற்குள் உருகிவிடாது.
சிறுத்தையைப் பிடுங்கிவிடாதே,
பெயின்ட்டும் சேர்ந்து வரும்.
நான் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது.
அறுபத்திரண்டாயிரத்தில் ஆயில் மாற்றணும்.
அதற்குள் வந்துவிடுவேன்.
வராவிட்டால் நீயே மாற்று,
நயாஸிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
வடிக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்.
கறுப்பாய் வந்தால் சரி,
கறுப்பாய்த்தான் வரும்.
ஒரு சொட்டை விரலில் எடுத்து
வெயிலில் திருப்பிப் பார்.
மினுமினுத்தால்
உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம்.
பதறாதே.
எவ்வளவு என்று கேள்.